பதம் தவறியது கெட்டுப்போனதன்று: வெள்ளைச் சாக்லேட்டை வீட்டில் பதமாக்கும் முறை

சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரு நாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பெரிய எவர்சில்வர்த் தூக்கு ஒன்றுடன் நம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. கணவரை இழந்த அவர், தையலுடன் இனிப்புப் பண்டங்களும் செய்து விற்று இரண்டு பெண்மக்களைப் படிக்க வைப்பவர். ஒரு நிச்சயதார்த்த வீட்டார் வெள்ளைச் சாக்லேட் வேண்டுமென்று கேட்டிருந்தனர். மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று, நல்ல சரக்காகவே இரண்டு கிலோ வாங்கினாராம். அதில் ஒன்றரைக் கிலோவை உருக்கி, அச்சில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். எடுத்தபோது கல்லைப் போல் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தாளில் சுற்றப் போனால், அத்தனையும் தாளோடு ஒட்டிக்கொண்டு குழைந்தது. பளபளப்பு இல்லை, ஆங்காங்கே திட்டுத்திட்டாய் மங்கல்.

“எல்லாம் கெட்டுப்போயிற்று, சாமி. இனிக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்” என்றார்.

சாக்லேட்டைப் பற்றி நாம் அறிந்தது, அதை உண்ணுவது ஒன்றே. எனவே, உதகையில் சாக்லேட் செய்யும் கூடங்களில் பல்லாண்டு உழைத்து, முதுமையில் நம் ஊருக்குத் திரும்பியிருந்த பெரியவர் ஒருவரை அழைத்துவரச் சொன்னோம். அவர் வந்து, ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், சிறிது சுவைத்தார், விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒன்றும் கெடவில்லையம்மா. பதம்தான் தவறியிருக்கிறது. நாளை விடியலில் மறுபடி உருக்குவோம்.”

அன்று அப்பெரியவரிடம் கேட்டறிந்ததையும், அதன் பின்னர் நாம் படித்தும் செய்து பார்த்தும் தெளிந்ததையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம். ஏனெனில் பதம் தவறிய சாக்லேட்டைக் கெட்டுப்போனதென்று எண்ணி வீசியெறிந்த இல்லங்கள் பல என்பதைப் பிற்பாடு விசாரித்து அறிந்தோம்.

வெள்ளைச் சாக்லேட் என்பது யாது?

கோக்கோ விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும். 1828-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் வான் ஹூட்டன் குடும்பத்தார் அக்கொழுப்பைப் பிழிந்து பிரித்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். அவ்வாறு பிரியும் இளமஞ்சள் நிறக் கொழுப்பே கோக்கோ வெண்ணெய். எஞ்சும் பழுப்பு நிறத் தூளே கோக்கோத் தூள். கருஞ்சாக்லேட்டில் இவ்விரண்டும் உண்டு. வெள்ளைச் சாக்லேட்டிலோ பழுப்புத் தூள் அறவே இல்லை. கோக்கோ வெண்ணெய், பால்பொருள், சர்க்கரை ஆகிய மூன்றுமே அதன் உடல். 1930-களில் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, வெள்ளைச் சாக்லேட் என்று பெயரிட்டு விற்கப்படும் பண்டத்தில் குறைந்தது 20 விழுக்காடு கோக்கோ வெண்ணெயும் 14 விழுக்காடு பால்பொருளும் இருந்தாக வேண்டும்.

இங்கு வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் கட்டிகளில் பெரும்பாலானவை ‘காம்பவுண்டு’ என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கோக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அவற்றை உருக்கி ஊற்றினால் போதும். பதமாக்க வேண்டிய தேவையே இல்லை. அதனை உண்பது பிழையென்று நாம் கூறவில்லை. ஆயினும் அதைச் சாக்லேட் என்று சொல்லி விற்பது முறையாகாது. உறையின் பின்புறத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘கோக்கோ வெண்ணெய்’ என்னும் சொல் முதல் இரண்டு மூன்று பொருள்களுக்குள் இருந்து, வேறு தாவரக் கொழுப்பு எதுவும் குறிக்கப்படாதிருந்தால் அது நல்ல சரக்கு. நிறமும் ஓரளவு சொல்லும். நல்ல வெள்ளைச் சாக்லேட் பெரும்பாலும் தந்தத்தின் நிறத்தில் இருக்கும். சுண்ணாம்பைப் போன்ற தூய வெண்மையாயின் ஐயுற்றுப் பட்டியலைப் பாருங்கள்.

உறைதலிலும் ஓர் ஒழுங்கு உண்டு

உருக்கிய நெய் மெல்ல ஆறினால் மணல்மணலாக உறைகிறது. அதே நெய்யைச் சட்டெனக் குளிர வைத்தால் மெழுகைப் போல் வழவழப்பாக உறைகிறது. நெய் ஒன்றே, உறைந்த விதம் வேறு. கொழுப்பின் அணுத்திரள்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

கோக்கோ வெண்ணெய் இவ்வாறு ஆறு விதமாக உறைய வல்லது. முதல் வகைப் படிகம் ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். நான்காவது வகை 27 அல்லது 28 டிகிரியில் உருகும். ஐந்தாவது வகையோ ஏறத்தாழ 34 டிகிரி வரை தாங்கி நிற்கும். நாம் விரும்புவது இந்த ஐந்தாம் வகையையே. விரலில் ஒட்டாமல், வாயில் இட்டதும் உருகுவது அதுவே. பளபளப்பும், ஒடிக்கும்போது எழும் ‘டக்’ என்னும் ஓசையும் அதனால் வருபவை. ஆறாம் வகை, சாக்லேட் பல நாள் இருந்து பழமைப்படும்போது தானே தோன்றுவது.

கண்டபடி உருக்கி, கண்டபடி குளிர்வித்தால் பலவகைப் படிகங்களும் கலந்து தோன்றும். கீழ்நிலைப் படிகங்கள் அறையின் வெப்பத்திலேயே உருகிக் குழைந்துவிடும். அத்தாயின் கைப்பண்டத்திற்கு நேர்ந்தது இதுவே. குளிர்பதனப் பெட்டி எதையும் உறைய வைக்கும். ஆனால் அது பதத்தைத் தராது. பெட்டிக்குள் கல்லாய் இருந்தது வெளியே வந்ததும் குழைந்ததன் மருமம் இதுதான்.

ஐந்தாம் வகைப் படிகத்தை மட்டும் வளரச் செய்யும் வேலைக்கே தொழில் செய்வோர் ‘டெம்பரிங்’ என்று பெயர் வைத்துள்ளனர். நாம் அதனைப் பதமாக்குதல் என்போம். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இது எட்டாத வித்தை அன்று.

உறைமோர் தரும் பாடம்

பெரியவர் இதனை விளக்கியது நம் மனத்தில் நன்கு பதிந்துவிட்டது. “பாலுக்குப் பிரை ஊற்றுவதுபோலத்தானம்மா” என்றார். காய்ச்சிய பாலை ஆற்றி, இளஞ்சூட்டில் உறைமோர் சேர்க்கிறோம். கொதிக்கும் பாலில் ஊற்றினால் உறைமோர் செத்துவிடும். முற்றும் குளிர்ந்த பாலில் ஊற்றினால் தயிர் தோயாது. சாக்லேட்டிலும் அவ்வாறே. முழுவதையும் உருக்கிப் பழைய படிகங்கள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும். பிறகு ஆற்றி, நல்ல பதத்தில் உள்ள சாக்லேட்டைச் சீவிச் சேர்க்க வேண்டும். அச்சீவலில் ஐந்தாம் வகைப் படிகங்கள் நிறைந்துள்ளன. அவையே பிரை. அவற்றைப் பார்த்து மற்றக் கொழுப்பும் அதே ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். மிகுந்த சூட்டில் சேர்த்தால் பிரையும் உருகி அழிந்துவிடும்.

முதல் தேவை குளிர்ந்த அறை

வெள்ளைச் சாக்லேட்டைப் பதமாக்கி அச்சில் வார்க்கும் வெப்பநிலை 28 முதல் 29 டிகிரி. கருஞ்சாக்லேட்டிற்கு இது 31, 32 டிகிரி வரை செல்லலாம். வெள்ளைச் சாக்லேட்டில் கலந்துள்ள பால் கொழுப்பு, கோக்கோ வெண்ணெயை இளக்கிவிடுவதால் அதன் அளவு தாழ்ந்திருக்கிறது.

நம் சமவெளிப் பகுதிகளில் பங்குனி, சித்திரையில் அடுக்களையின் வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும். அப்படிப்பட்ட அறையில் சாக்லேட் தானாக 28 டிகிரிக்கு எவ்வாறு இறங்கும்? அயல்நாட்டு நூல்கள் கருங்கல் மேடையில் ஊற்றிப் பரப்பி ஆற்றச் சொல்கின்றன. நம் வீட்டுக் கல்மேடையே வெயில் காலத்தில் சுடுகிறது. எனவே காலத்தையும் இடத்தையும் நாம்தாம் தேர்ந்துகொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை நல்லது. குளிர்சாதன வசதி உள்ள அறையாயின் 20 முதல் 22 டிகிரி வைத்து எக்காலத்திலும் செய்யலாம். மழை பெய்து ஈரம் கசியும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை ஈரத்தை ஈர்க்கும்.

வேண்டிய கருவிகள்

உணவுப் பண்டங்களுக்கான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டிலுள்ள காய்ச்சல் பார்க்கும் மானி இதற்கு உதவாது. அது ஏறத்தாழ 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. அடுத்து, உலர்ந்த எவர்சில்வர்க் கிண்ணம், அது மேலே பொருந்தி உட்காரும் பாத்திரம், ரப்பர்க் கரண்டி, அச்சு, பட்டர் பேப்பர். மரக்கரண்டி வேண்டாம், அது ஈரத்தையும் குழம்பின் மணத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, ஒரு சொட்டு நீரும் இல்லாதவாறு உலர்த்திக்கொள்ளுங்கள்.

செய்முறை

முதன்முறை செய்வோர் 300 கிராம் அளவோடு தொடங்குவது நன்று. அதில் 100 கிராமைக் கத்தியால் மெல்லியதாகச் சீவித் தனியே வையுங்கள், இதுவே பிரை. இது பளபளப்பு மங்காத, உறுதியான கட்டியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மீதி 200 கிராமைச் சிறு துண்டுகளாக்கிக் கிண்ணத்தில் இடுங்கள்.

பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றிச் சூடாக்குங்கள். ஆவி எழத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை அதன்மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடலாகாது. மெல்லக் கிளறிக்கொண்டேயிருங்கள். வெப்பம் 40 முதல் 45 டிகிரிக்குள் வந்து, கட்டி ஒன்றுமின்றி உருகியதும் இறக்கிவிடுங்கள். அதற்குமேல் விடுவது ஆபத்து; இதிலுள்ள பால்பொருளும் சர்க்கரையும் எளிதில் கருகித் திரளும். இறக்கியதும் கிண்ணத்தின் அடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கு ஒட்டிய நீர்த்துளி சாக்லேட்டில் விழுந்தால் உழைப்பெல்லாம் பாழ்.

இனி ஆற்றுங்கள். ஏறத்தாழ 35 டிகிரிக்கு இறங்கியதும் சீவலில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக் கிளறுங்கள். அது கரைந்ததும் அடுத்த பங்கு, பின்னர் மூன்றாவது. முதலில் இட்டது முழுதும் உருகிவிடினும் கவலை வேண்டாம். அது சூட்டைத் தணிக்கும். பின்னர் இடுவதே பிரையாக நிற்கும். கிளறுவதை நிறுத்தாதீர்கள். கிளறக் கிளறத்தான் படிகங்கள் எங்கும் பரவும். 28 அல்லது 29 டிகிரிக்கு வரும்வரை இது தொடர வேண்டும். கால் மணி நேரமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். அறை சற்று வெப்பமாயிருந்தால், கிண்ணத்தின் அடியைக் குளிர்ந்த நீருள்ள தட்டில் சில நொடிகள் மட்டும் வைத்து எடுங்கள். கரையாத சீவல் எஞ்சினால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறைக்குப் பயன்படும்.

பெரியவர் வெப்பமானியோடு தம் உதட்டையும் நம்பினார். உலர்ந்த கரண்டியின் நுனியில் எடுத்துக் கீழுதட்டில் தொட்டு வைத்தார். பதத்தில் உள்ள சாக்லேட் நம் உடற்சூட்டைவிடத் தணிந்ததாகையால், உதட்டில் சற்றுக் குளிர்ச்சியாகத் தோன்றும்.

வார்க்குமுன் ஒரு சோதனை

கத்தியின் நுனியைச் சாக்லேட்டில் தோய்த்து அதே குளிர்ந்த அறையில் வையுங்கள். ஐந்து நிமிடம் அளவில் விரலில் ஒட்டாதபடி மெல்லிய பளபளப்போடு உறைந்தால் பதம் வந்துவிட்டது. பிசுபிசுப்பாகவே இருந்தாலோ கோடுகள் தோன்றினாலோ இன்னும் சற்றுப் பிரை சேர்த்துக் கிளறி மறுபடி சோதியுங்கள். இச்சோதனையைக் குளிர்பதனப் பெட்டிக்குள் செய்யாதீர்கள். அது பொய் சொல்லும்.

வேலை நடுவே சாக்லேட் கெட்டியானால், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் ஐந்து பத்து நொடிகள் காட்டிக் கிளறலாம். ஆனால் 30 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் வளர்த்த படிகங்கள் அழியத் தொடங்கும்.

அச்சில் ஊற்றியதும் மேடையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். காற்றுக் குமிழிகள் வெளியேறும். முந்திரி, பாதாம் சேர்ப்பதாயின் வறுத்து நன்றாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். சூடான பருப்பு பதத்தைக் கலைத்துவிடும். நீர் கலந்த வண்ணமும் எசன்சும் ஆகா. எண்ணெயில் கரைந்தவையே ஏற்றவை. உறையும்போது சாக்லேட் தன்னுள்ளிருந்து சூட்டை வெளிவிடும். எனவே பதம் வந்தபின் அச்சைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மேலேயுள்ள பனிக்கட்டி அறையில் வைக்க வேண்டாம்.

சேமிப்பதிலும் கவனம் தேவை. கோடையில் பெட்டிக்குள் வைக்க நேர்ந்தால் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். வெளியே எடுத்ததும் திறவாதீர்கள். அறையின் வெப்பத்திற்கு வந்தபின் திறவுங்கள். இல்லையேல் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். வெள்ளைச் சாக்லேட்டில் சர்க்கரையும் கொழுப்புமே மிகுதி. நீரிழிவு உள்ளோரும், பால் ஒவ்வாதோரும் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும்.

எது திருந்தும், எது திருந்தாது?

மங்கல், திட்டு, குழைவு, ஒட்டுதல் ஆகிய இவை யாவும் பதம் தவறியதன் அடையாளங்களே. மேலே படியும் மங்கலைப் பூஞ்சணம் என்று அஞ்சி எறிவோர் உளர். அது வெளியே வந்த கொழுப்பு. விரலால் தேய்த்தால் மறைந்துவிடும். இத்தகைய சாக்லேட்டை மீண்டும் 45 டிகிரி வரை உருக்கி, பிரையிட்டு, முதலிலிருந்து தொடங்கலாம். எத்தனை முறை தவறினாலும் அத்தனை முறையும் தொடங்கலாம்.

நீர் கலந்து திரண்டுபோனதை அச்சில் வார்க்க இயலாது. ஆயினும் அதுவும் வீணன்று. சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் நல்ல குழம்பாகும். கேக்கின்மேல் ஊற்றலாம், குழந்தைகளுக்குப் பாலில் கலந்து தரலாம். கருகி மணம் மாறியது ஒன்றே மீளாதது. எனவே இத்தொழிலில் உண்மையாக அஞ்ச வேண்டியது அளவுமீறிய நெருப்பு ஒன்றுக்குத்தான்.

மறுநாள் விடியலில்

அன்று அதிகாலை நான்கரை மணிக்கு அத்தாயின் வீட்டில் விளக்கு எரிந்தது. தாளில் ஒட்டியிருந்ததையெல்லாம் வழித்து உருக்கினார்கள். பிரிக்காமல் எஞ்சியிருந்த அரைக் கிலோக் கட்டியை மூத்த மகள் சீவினாள். இளையவள் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு எண்களை உரக்கச் சொன்னாள். பெரியவர் நாற்காலியில் அமர்ந்து, “அவசரப்படாதே தாயி, இன்னும் இரண்டு டிகிரி இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் கையைக்கூட நீட்டவில்லை. பெண்களே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஏழு மணி அளவில் நாம் சென்றபோது அச்சுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டுகள் தாமாகவே கழன்று விழுந்தன. உறையும்போது சற்றே சுருங்குவதும் நல்ல பதத்தின் குணமாம். இளையவள் ஒன்றை எடுத்து நம் காதருகே ஒடித்தாள். ‘டக்’ என்றது.

நிச்சயதார்த்த வீட்டிற்குச் சரக்கு உரிய நாளில் சென்றது. குழுக்கடனின் தவணையும் தவறவில்லை. அதைவிட நம்மை மகிழ்வித்தது, பின்னொரு நாள் அத்தாய் சொன்ன சொல்: “முந்தின வருடம் இதேபோல ஒரு கிலோவைக் கொட்டினேன், சாமி. அப்போது யாரையாவது கேட்டிருக்கலாம்.”

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் சாக்லேட் குழையலாம், திட்டுப் படியலாம். அப்போது குப்பைக்கூடையைத் தேடாதீர்கள். வெப்பமானியைத் தேடுங்கள். விடியும்வரை பொறுத்திருந்து, மறுபடி அடுப்பை மூட்டுங்கள்.